தூங்குமூஞ்சிப் படம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் வண்டியுமாக நான்கு ஜீவன்களும் சுகம். வண்டிக்கு மட்டும் காலையில் கொஞ்சம் இருமல், சாவியை இரண்டு தடவை திருப்பினால்தான் கண் விழிக்கிறது, மற்றபடி ஓடுகிறது. நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். பேனா பிடித்து வருடக்கணக்காகிறது, வண்டிக் காப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டாதே, ஸ்டியரிங் பிடிக்கிற கைக்குப் பேனா ரொம்ப மெலிசாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை ஒன்றிலிருந்து ஒன்றரையாகியிருக்கிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், இவர் பேச்சைக் குறைத்திருக்கிறார். முன்பே நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனிதர், இப்போது அதிலும் சிக்கனம். ரிப்பேருக்கு வருகிற மிக்ஸிகளைக் கடையில் வைத்துப் பார்க்காமல் சாப்பாட்டு மேஜைக்கே கொண்டுவந்துவிடுகிறார். போன வாரம் உப்பு ஜாடிக்குள் ஒரு திருகாணி கிடைத்தது, கத்தலாம் என்று வாயைத் திறப்பதற்குள், அதைத்தான் ரெண்டு நாளா தேடிக்கிட்டு இருக்கேன் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். மேல் வீட்டுக்காரர் உடம்பைக் குறைக்கிறேன் என்று காலை ஐந்தரைக்கு எழுந்து குதிக்கிறார், உடம்பு அப்படியே இருக்கிறது, எங்கள் கூரைச் சுண்ணாம்புதான் குறைகிறது. உன் தங்கைக்கு எட்டாம் வகுப்பில் எல்லாப் பாடமும் பரவாயில்லை, கணக்கு மட்டும் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இத்தனை தாள் வாங்கினேன்.

என் வண்டி நடக்கிற விதம் உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் பதினான்கு பிள்ளைகள், ஏழு நிறுத்தம். ஓட்டும்போது நான் போனைத் தொடமாட்டேன், சாவி போடுவதற்கு முன்னால் பெற்றோர் குழுவில் ஒரு படம் போட்டுவிட்டு, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற உன் தங்கையிடம் போனைக் கொடுத்துவிடுவேன், யாராவது கூப்பிட்டால் அவள்தான் எடுத்து, இதோ வந்துட்டோம் ஆன்ட்டி என்று சொல்வாள். அந்தப் படம் போடுகிற வழக்கமே நீ வந்திருந்தபோது கற்றுக்கொடுத்ததுதான். ஏம்மா ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடி அடிக்கிறே, ஒரு படத்தைப் போட்டா போச்சு என்றாய். அன்றிலிருந்து சூரியன் போட்டால் காலை வண்டி கிளம்பியாயிற்று, குடை போட்டால் பத்து நிமிடம் தாமதம், ஆமை போட்டால் வழியில் நெரிசல். பெற்றோருக்கும் பழகிவிட்டது, ஆமையைப் பார்த்தால் யாரும் போன் பண்ணிக் கத்துவதில்லை. சாயங்காலத்துக்கு மட்டும் நல்ல படம் கிடைக்காமல் இருந்தது.

ஒரு நாள் பார்த்தால் என் போனில் படங்கள் இருக்கிற பெட்டியில் புதிதாக ஒன்று இருந்தது. ஒரு கரடிக்குட்டி, வாயைப் பிளந்துகொண்டு, தலை சாய்ந்து, வாயிலிருந்து அருவி மாதிரி எச்சில் வழியத் தூங்கிக்கொண்டிருந்தது. போனே புதிதாகக் கொடுத்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகள் சாயங்காலம் வண்டியில் ஏறியதும் பாதிப்பேர் தூங்கிவிடுகிறார்கள் இல்லையா, அதற்கென்றே செய்தமாதிரி இருந்தது. சாயங்காலம் கிளம்பும்போதெல்லாம் அதையே போட்டேன். உனக்கும் குட் நைட் என்று அதைத்தான் அனுப்பினேன், நீ விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதியிருந்தாய். நாலாவது நாளே குழுவில் ஓர் அப்பா அதைத் திருப்பிப் போட்டார், இன்னோர் அம்மா சிரிப்பு போட்டார். எனக்கும் பெருமை, பார், இவர்களெல்லாம் ரசிக்கும்படி நானும் ஒன்று போடுகிறேன் என்று. இப்படிப் பத்தொன்பது நாள்.

அந்தப் பத்தொன்பது நாளும் வண்டி அவ்வளவு அமைதி. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் வருகிறான், மருந்துக்கடைக்காரம்மாவின் மகன், அப்பாவுக்கு மாத்திரை வாங்குகிறோமே அந்தக் கடை. கையும் காலும் நீளம், குரல் உடைகிற வயது, முன்னெல்லாம் அவன் ஏறினால் வண்டியே ஆடும். அவனும் அடங்கி ஜன்னலோரமாக ஒடுங்கி உட்கார்ந்துவிட்டான். நான் ஒருநாள் போட்ட அதட்டலில்தான் திருந்திவிட்டான் என்று எனக்கு நானே முதுகைத் தட்டிக்கொண்டேன். நான் படத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் உள் கண்ணாடியில் எல்லாப் பிள்ளைகளும் அவனையே பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். சாவியைத் திருப்புகிற அவசரத்தில் அதை நான் கவனித்தும் கவனிக்கவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை அவன் வயிற்றுவலி என்று வரவில்லை. செவ்வாய் தலைவலி. அந்தப் பத்தொன்பதில் கடைசி எட்டு நாள் வரவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை.

ஒன்பதாம் நாள் அப்பாவின் மாத்திரைக்காக அந்தக் கடைக்குப் போனேன். எப்போதும் வாங்க வாங்க என்று ஸ்டூலைத் தள்ளிப் போடுகிற அம்மாள், அன்று சீட்டை வாங்கிக்கொண்டு மாத்திரையை எண்ணி உறையில் போட்டு, என் முகத்தைப் பார்க்காமலே நீட்டினார். பையன் எப்படி இருக்கான் என்று கேட்டேன். அவர் தன் போனை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்து, தினமும் போடறீங்களே இந்தப் படம், இது யாருன்னு உங்களுக்குத் தெரியாதா, எம் புள்ள உங்களுக்கு என்ன பண்ணான் என்றார். என் மூக்குக் கண்ணாடி எங்கே இருந்தது, வழக்கம்போல வீட்டு அலமாரியில், படிவம் வந்தால்தான் எடுப்பேன். அவருடைய கண்ணாடியையே கழற்றிக் கொடுத்தார். போட்டுக்கொண்டு பார்த்தேன். கரடிக் காது இரண்டையும் எச்சில் அருவியையும் எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது அந்தப் பிள்ளையின் முகம். என் வண்டியின் சீட்டு, கிழிந்து நான் தைத்த அந்தத் தையல் உட்படத் தெரிகிறது. அந்த அம்மாள் அழவில்லை, அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை. ரூம் கதவத் திறக்கறதில்ல, தட்டை வெளியில வெச்சுட்டு வரேன், மத்தவங்க போட்டா பசங்கன்னு விடலாம், பெரியவங்க நீங்களே தினமும் போடறீங்களே என்றார். நான் சத்தியமாகக் கரடி என்று நினைத்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள், சொல்லிப் பார்த்தேன், எனக்கே நம்பும்படியாக இல்லை.

வீட்டுக்கு வந்து உன் தங்கையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, போனை மேஜையில் இரண்டு மிக்ஸிகளுக்கு நடுவில் வைத்தேன். கேள்வியே கேட்கவில்லை, முகத்தைப் பார்த்ததும் அவளே சொல்லிவிட்டாள். நான் ஓட்டும்போது போன் அவள் கையில்தானே இருக்கும், அவன் தூங்கும்போது எடுத்திருக்கிறாள், காது ஒட்டியிருக்கிறாள், வண்டிப் பிள்ளைகளெல்லாம் அவரவர் அம்மா அப்பா போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம், அதில் என் நம்பரிலிருந்தே அனுப்பியிருக்கிறாள். என் போனுக்குள்ளேயே எனக்குத் தெரியாமல் ஓர் அறை கட்டிக் குடித்தனம் நடந்திருக்கிறது. எய்தவள் எங்கள் வீட்டுப் பெண், அம்பு நான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஏண்டி இப்படிப் பண்ணே என்று கத்தினேன். அவன் என்னை ஓசி ஓசின்னு கூப்பிட்டப்போ நீ கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே, அவன் என் பையைத் தூக்கிப் பின்னாடி எறிஞ்சப்போ கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தானே இருந்தே என்றாள்.

உண்மைதானடா. ஆறு மாதமாக அவன் அவளை ஓசி சீட்டு என்றுதான் கூப்பிட்டான், காசு கொடுக்காமல் வருகிறாளாம். பின் சீட்டிலிருந்து முழங்காலால் முதுகில் இடிப்பான், நிறுத்தத்துக்கு நிறுத்தம் யாராவது ஏறினால் இவளை எழுப்பி நிற்கவைப்பான், மற்றவர்களும் அவனோடு சேர்ந்து கத்துவார்கள். அவள் என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். கொஞ்சம் பொறுத்துக்கோ, நம்ம வண்டிதானே என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்றால் அந்த மருந்துக்கடைக்காரம்மா சொல்லித்தான் ஆறு பிள்ளைகள் என் வண்டிக்கு வந்தார்கள், அவர் மகனை அதட்ட எனக்குத் தயக்கம். அதட்டினேன் என்று பெருமையடித்தேனே, அதுகூட அவன் ஜன்னல் கண்ணாடியை உதைத்ததற்குத்தான், உன் தங்கைக்காக இல்லை. மாமியார் உடைத்தால் மண்குடம் என்கிற கதை என் வண்டியிலேயே நடந்திருக்கிறது. வாயில்லாப் பூச்சி என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த பெண், சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பதை நன்றாகக் காட்டிவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அவளிடம் அதை வாய்விட்டுச் சொன்னேன். அப்பா அன்றைக்குத் தன் பத்து வார்த்தையையும் ஒரே மூச்சில் செலவு செய்தார், நெல்லைக் கொட்டினா அள்ளலாம், சொல்லைக் கொட்டினா அள்ள முடியாது, நீ கொட்டினது படம் என்று அவளிடம் சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

எனக்கு உன் ஆறாம் வகுப்புதான் ஞாபகம் வந்தது. உன் ஷூவைத் தினமும் ஒருவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைப்பானே, நீ சாக்ஸோடு வீட்டுக்கு வருவாய். நான் போய் அவன் காதைப் பிடித்தேன், முடிந்தது. அவன்தான் இப்போது டயர் கடை வைத்திருக்கிறான், வண்டிக்குக் காற்றடிக்கும்போதெல்லாம் உன்னை விசாரிக்கிறான், நல்ல பிள்ளை, நட்டு மட்டும் சரியாக முடுக்கமாட்டான். அன்று நீ பட்டதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீ வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் அது வெளியே நின்றது, சனி ஞாயிறு உனக்கு லீவு இருந்தது. இந்தப் பிள்ளைக்கு அந்த லீவுகூட இல்லை, கட்டிலில் படுத்திருந்தாலும் அம்மாவின் போன் சிணுங்கினால் அது தன் முகமாக இருக்குமோ என்று கிடந்திருக்கிறான். முழங்காலால் இடிப்பது வேறு, போனில் படம் போடுவது வேறு என்று நான் நினைத்திருந்தேன். எல்லாம் ஒரே சண்டைதான், என் வண்டியில் நான் விட்டுவைத்தது போனில் போய்ப் பெருத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் உன் தங்கையும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். கடைக்கு மேலேதான் வீடு, மாடிப்படி முழுக்க மருந்து அட்டைப்பெட்டிகள், பக்கவாட்டில் நடந்துதான் ஏற வேண்டும். அந்த அம்மாளிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன், ஓசி என்று கூப்பிட்டதையும் சொன்னேன், நான் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அவருக்கும் முகம் மாறிவிட்டது, மகன் இப்படிச் செய்வான் என்று அவருக்குத் தெரியாது. பையன் கதவை அரையடி திறந்துகொண்டு நின்றான். உன் தங்கை அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். அவன் எத்தனை பேர்கிட்ட இருக்கு என்று மட்டும் கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. நான் தள்ளினது நமக்குள்ள இருந்துச்சு, வண்டியில இருந்தவங்க மட்டும்தான் பாத்தாங்க, இது யார் யார் பாத்தாங்கன்னு எனக்கே தெரியல, ரோட்டுல போறவங்க சும்மா சிரிச்சாக்கூட அதுக்குத்தான்னு தோணுது என்றான். கதவைச் சாத்துவதற்கு முன்னால், இனிமே உன்னைத் தள்ளமாட்டேன் என்றும் சொன்னான், யாரோ பிடுங்குகிற மாதிரிதான் சொன்னான், ஆனாலும் சொன்னான்.

அன்றைக்கே உன் தங்கை என் வருகைப்பதிவு நோட்டில் பின்பக்கமிருந்து ஒரு பட்டியல் எழுத ஆரம்பித்தாள். பெற்றோர் குழு, வண்டிப் பிள்ளைகள் குழு, அங்கிருந்து ஒன்பதாம் வகுப்புக்குப் போனது, ஒன்பதாம் வகுப்பிலிருந்து ட்யூஷனுக்குப் போனது என்று பிடித்துப் பிடித்துக் கேட்டதில் அறுபத்து மூன்று பேர் தேறினார்கள். நான் பெற்றோர் குழுவில் என் குரலிலேயே எல்லாவற்றையும் சொல்லி, தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்று கேட்டேன். சொல்லி வாய் மூடவில்லை, ஒரு மகராசன் நான் பேசியதைக் கேட்காமலே அதே படத்தைப் போட்டு வாழ்த்துச் சொல்கிறார். இன்னோர் அம்மாவுக்கு அழிக்கத் தெரியவில்லை, போனை ஒரு துணிப்பையில் போட்டு மகளிடம் எனக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். நான் இப்போது அதில் நிபுணி, படத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் அழிக்கவா என்று கீழே வரும், பெட்டியிலிருந்து ஒரு தடவை, சேமிப்பிலிருந்து ஒரு தடவை என்று இரண்டு இடத்தில் அழிக்க வேண்டும். கொசுமருந்து அடிக்க வருகிறவர் மாதிரி வீடு வீடாகப் போனோம், அவள் பெயரை வாசிப்பாள், நான் அழிப்பேன், அவள் டிக் போடுவாள். எங்கே போனாலும் யார் பண்ணினது என்று கேட்பார்கள், நான்தான் என்று அவளே சொல்வாள். அறுபத்து மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது, நாற்பதாவது வீட்டுக்கு மேல் அவளுக்குக் குரல் நடுங்கவில்லை.

நேற்றுக் காலை மருந்துக்கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தியபோது பையன் பையோடு நின்றுகொண்டிருந்தான். ஏறவில்லை, என் ஜன்னல் பக்கம் வந்து, எல்லார்கிட்டயும் அழிச்சாச்சா ஆன்ட்டி என்று கேட்டான். ஆச்சுப்பா, எல்லாம் அழிஞ்சாச்சு என்றேன். அவன் தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தான். நான் சொன்னது பொய். பட்டியலில் உன் பெயர் இல்லை. அது அதுவரை உன் தங்கைக்குத் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும், நான் உனக்கு அனுப்பியதும், என் ரூம்ல எல்லாரும் இப்ப இதைத்தான்மா போடறாங்க என்று நீ சந்தோஷமாகச் சொன்னதும். முந்தாநாள் சாயங்காலம் போனில் உனக்கு எழுதினேன், அந்தத் தூங்குமூஞ்சிப் படத்தை அழித்துவிடு, முக்கியம் என்று. நேற்று நாலாவது நிறுத்தத்தில் உன் பதில் வந்தது. போன் உன் தங்கை கையில், அவளுக்கு நேர் பின்னால் அந்தப் பிள்ளை. நீ பதிலுக்கு அந்தப் படத்தையே அனுப்பியிருந்தாய். அவள் சட்டென்று உள்ளங்கையால் மூடிவிட்டு உள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். உன்மேல் கோபமில்லை, ஷிஃப்ட் முடிந்து பாதித் தூக்கத்தில் முதல் வரியைக்கூடப் படிக்காமல் விரல் பட்ட இடத்தை அழுத்தியிருப்பாய், நானும் பத்தொன்பது நாள் அதைத்தானே செய்தேன். ஆனால் போனில் எழுதினால் நீ இப்படித்தான் படிப்பாய் என்று தெரிந்த பிறகு தாள் வாங்க வேண்டியதாகிவிட்டது.

இது உன் கைக்கு வந்து சேர எத்தனை நாளாகுமோ, அதுவரை அவனை என் பொய்யின் மேல் உட்காரவைத்து ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. நாளைக் காலை அவன் ஏறுவதற்கு முன்னால் வண்டியை விட்டு இறங்கிப் போய், இல்லப்பா, இன்னும் இருக்கு, எம் மகன்கிட்ட இருக்கு, நான்தான் அனுப்பினேன் என்று சொல்லிவிடப்போகிறேன். அவன் ஏறாமல் திரும்பிப் போனாலும் போகட்டும்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள், குளிர் காதில் ஏறாமல் தொப்பி போட்டுக்கொள், அப்பாவோடு பேசும்போது அவர் ம் என்றால் சந்தோஷம் என்று எடுத்துக்கொள். உனக்கு எல்லா நன்மையும் வரும், வர வேண்டும், நானும் அப்பாவும் அதைத்தான் காலையும் மாலையும் நினைக்கிறோம். உன் தங்கையும் அன்பு சொல்லச் சொன்னாள், கணக்கில் சந்தேகம் கேட்க ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாளாம், எடு.

மறக்காதே. முதலில் உன் போனில் இரண்டு இடத்திலும் அழி. பிறகு உன் அறைக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய், அது கரடி இல்லை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை என்று சொல், அவர்கள் யாருக்கெல்லாம் அனுப்பினார்கள் என்று கேள், வெட்கப்படாமல் கேள், உன் தங்கை கேட்டாள். நாளைக்கு நான் சொன்னதும் அவன் மறுபடியும் எத்தனை பேர் என்றுதான் கேட்பான். எனக்குத் தெரியாது. நீ எண்ணிச் சொல்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா